மலையணிலைச் சுற்றி ஆகாயம்

மலையணிலைப் பற்றி நான் முதலில் எழுதியது ஒரு பயிர்ச்சேதச் செய்தியில். எண்பதுகளின் தொடக்கம். வத்திராயிருப்பு விவசாயிகள் சிலர் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். காட்டுப்பன்றி, குரங்கு, மலையணில் என்று மூன்று பிராணிகள் மேல் புகார். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மதுரைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். செய்தியை எழுதிக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், இருட்டுவதற்குள் அலுவலகத்துக்குப் போய்விடும். மறுநாள் நான்கு வரியில் வந்தது. தலைப்பில் 'தொல்லை' என்ற சொல் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் அதே பிராணியின் பெயரால் எங்கள் ஊர் மலையை அரசாங்கம் சரணாலயமாக அறிவித்தது. அந்தச் செய்தியையும் நான்தான் அனுப்பினேன். இப்போது அதற்கு 'சாம்பல் நிற அணில்' என்று பெயர். முன்னால் 'அரிய வகை' என்று போட்டேன். மதுரையில் யாரோ அதை அடித்துவிட்டு 'அழிவின் விளிம்பில் உள்ள' என்று மாற்றியிருந்தார்கள். இரண்டு செய்திக்கும் நடுவில் அணில் ஒன்றும் மாறவில்லை. அதே பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால், நரைத்த முடி, உச்சந்தலையில் மட்டும் கறுப்பு. மாறியது நாங்கள் அதைச் சொன்ன விதம். எப்படி மாறியது, யார் மாற்றினார்கள் என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதற்கு ஆள் கிடைத்தது. அணிலை ஆராய்ச்சி செய்ய கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து எங்கள் தெருவில் மாடியறை எடுத்துத் தங்கினார். காலை முதல் பஸ்ஸில் கழுத்தில் பைனாகுலரோடு பிளவக்கல் பக்கம் போவார். பொழுது சாய்ந்து வருவார். தெருவில் அவருக்கு 'அணில் டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. டீச்சர் இல்லை என்று ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்து அவரும் விட்டுவிட்டார்.

"முன்னால நிறைய இருந்துச்சு, இப்பக் குறைஞ்சு போச்சு. அதனால அழியப்போற பிராணிங்க பட்டியல்ல ஏத்திட்டாங்க. அம்புட்டுத்தான?" என்று கேட்டேன்.

"முன்னால எத்தனை இருந்துச்சுன்னு யாருக்குங்க தெரியும்? யாரும் எண்ணவே இல்லையே" என்றார்.

அவர் சொன்னதை என் சொற்களில் சுருக்குகிறேன். எண்ணிக்கை ஒரு பக்கம்தான். எந்தெந்த மலையில் இருக்கிறது, அந்த மலைகளுக்கு நடுவே காடு தொடர்ந்து இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இந்த அணில் இலங்கையிலும், இந்தியாவின் தெற்கே சில காடுகளிலும் மட்டும் இருக்கிறது. தரையில் இறங்கப் பிரியப்படாது. கிளை வழியாகத்தான் போகும், வரும். கிளை தொடாத இடத்தில் அதன் ஊர் முடிந்துவிடும். ஒரு துண்டுக் காட்டில் நூறு அணில் இருந்தாலும், அடுத்த துண்டுக்குப் போக வழியில்லை என்றால் அந்த நூறை நம்ப முடியாது.

"அப்போ ஒருதடவை ஏத்தினா ஏத்தினதுதானா?"

"இல்லீங்க. நாளைக்கே பக்கத்து மலையில யாரும் பார்க்காத கூட்டம் ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா, ஒரு படி இறக்கிருவாங்க. அதுக்காக ஒரு குட்டிகூடப் புதுசாப் பொறந்திருக்க வேண்டாம். நமக்குத் தெரிஞ்சது கூடியிருக்கும், அவ்வளவுதான்."

பிற்காலத்தில் உலகப் பட்டியலில் இந்த அணிலை ஒரு படி இறக்கவும் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அவர் அன்று சொன்னது ஞாபகம் வந்தது. எண்ணுவது பற்றியும் ஒன்று சொன்னார். அணிலைப் பார்ப்பது கஷ்டம்; அதனால் கூடுகளை எண்ணுவார்கள். ஆனால் ஒரே அணில் பல கூடு கட்டும். எது பழையது, எதில் குடியிருக்கிறது என்று கீழேயிருந்து சொல்வது லேசில்லை. அன்று இதை நான் குறித்துக்கொள்ளவில்லை. செய்திக்கு உதவாத விவரம் என்று விட்டுவிட்டேன்.

என் அக்காவின் கணவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பிட்டராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கத் தொடங்கினார். அந்த வருடம் வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் மலையை ஒட்டிய தோப்பு ஒன்றை எடுத்திருந்தார். எல்லாம் சப்பட்டை ரக மாமரங்கள். தை மாதம் பூவைப் பார்த்துப் பேசி முடிப்பார்கள். அதற்குப் பிறகு காய் நின்றாலும் உதிர்ந்தாலும் குத்தகைக்காரர் பாடு. அந்த வருடம் அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

மலையோரத் தோப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பிஞ்சு பிடிக்கும் முன்னால் காட்டு மரங்களின் கிளைகள் தோப்பைத் தொடாதபடி கழித்துவிடுவார்கள். அணில் வரும் வழி அதோடு அடைபடும். "கிளைக்கும் கிளைக்கும் நடுவுல ஆகாசம் தெரியணும் மாப்ள" என்பார் அத்தான். பச்சைக் கிளையை வெட்டக் கூடாது என்று அந்தத் தோப்பில் யாரும் சொல்லவில்லை. அது பட்டா நிலம். சரணாலயத்தின் எல்லை வேலிக்கு அந்தப் பக்கம்.

தோப்பின் மேற்கு ஓரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் மருதும் நாவலும். ஓடைக்கும் மாமரங்களுக்கும் நடுவில் ஒற்றையாக ஒரு பெரிய புளியமரம். அதன் ஒரு பக்கக் கிளைகள் மருதைத் தொட்டன, மறுபக்கக் கிளைகள் முதல் வரிசை மாவைத் தொட்டன. முந்தைய குத்தகைக்காரர் ஒரு பக்கம் மட்டும் கழித்திருந்தார். அணில் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்து வந்து பாதிக் காயைக் கடித்துப் போட்டது என்று அத்தான் கேள்விப்பட்டிருந்தார். அதனால் இரண்டு பக்கமும் கழிக்க முடிவு செய்தார். மாசியில் ஒரு நாள் காலையில் ஓடைப்பக்கம் ஒரு செட் ஆள், தோப்புப்பக்கம் ஒரு செட் ஆள் என்று ஒரே நேரத்தில் அரிவாளோடு ஏறினார்கள். புளியின் உச்சியில் ஒரு கூடு இருந்தது. மேலே ஏறியவர்கள் பார்த்தார்கள். போன வருசத்துக் கூடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அணில் காட்டில்தான் தூங்கும், தின்ன மட்டும் தோப்புக்கு வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை. வெட்டிய கிளைகளை மாலைக்குள் விறகுக்கு ஏற்றிப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா கொடுத்தனுப்பிய சோற்றுத் தூக்கோடு தோப்புக்குப் போனேன். அத்தான் புளியமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்த பலகையை வேகமாகத் தட்டுவது போல. நிற்கும், மறுபடி தட்டும்.

"கேட்டீரா? ரெண்டு நாளா இதான்" என்றார். சிரித்தார். "வெளிய நிறுத்தலாம்னு நெனச்சேன் மாப்ள. உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

கிளை நுனிவரை வந்து நின்றது அணில். முன்னங்கால்களை ஒட்டவைத்து உடம்பை நீட்டி மருதைப் பார்த்தது. பிறகு திரும்பி மறுபக்கக் கிளைக்கு ஓடி மாமரத்தைப் பார்த்தது. வெட்டப்பட்ட கிளையின் முனையில் அதற்கு நிற்கவே இடம் போதவில்லை. நான் பார்த்த அரைமணி நேரத்தில் அது நடுமரம் வழியாக இரண்டு முனைக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருந்தது.

"கீழ எறங்கிப் போயிராதா?"

"நாய் கெடக்குல்லா."

தோப்புக் காவலுக்கு இரண்டு நாய்கள். அன்றே அவற்றைப் பிடித்து மோட்டார் ரூமில் கட்டினோம். அணில் அடிமரத்தில் பாதிவரை இறங்கியது. தரையைப் பார்த்தது. திரும்ப ஏறிவிட்டது. கூட்டுக்குள் போனபோதுதான் அத்தானின் சிரிப்பு நின்றது. கூட்டு வாயில் சிறியதாக இன்னொரு தலை தெரிந்தது.

மறுநாள் தன் காவல் எல்லையான பீட்டைச் சுற்றிவந்த வனக்காவலர் சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்தார். அத்தானைவிட வயதில் சிறியவர், வத்திராயிருப்புக்காரர், அத்தானைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். மரத்தைச் சுற்றி வந்தார். வெட்டுவாயைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி இப்பிடிப் பண்ணி வச்சிருக்கீய?"

"மரத்தத் தானப்பா வெட்டினேன். அணிலயா வெட்டினேன்?"

"மரத்த நீரு வேரோட வெட்டினாலும் நான் கேக்க மாட்டேன், உம்ம எடம். ஆனா மேல இருக்கது இப்ப பெரிய எடத்துப் பிள்ளையாயிருச்சு. விழுந்து செத்துச்சுன்னு வையும், நான் மகசர் எழுதணும். எப்பிடிச் செத்துச்சுன்னு எழுதணும். ரெண்டு பக்கமும் வழியடைச்சான்னு எழுதணும்."

"எழுதினா?"

"கேசு. ஜாமீன் கெடைக்கவே அலையணும்."

அத்தான் கட்டிலில் இருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு, "ஏன்ப்பா, நீ சின்னப் பிள்ளையில இத உண்டிவில்லால அடிச்சுத் தின்னவன்தான? எனக்கே ஒரு தொடை கொடுத்திருக்க" என்றார்.

"அது அப்ப. அப்ப இது வெறும் அணிலு."

"இப்ப?"

"இப்ப இதுக்காகத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் காவலர். சிரிக்காமல்தான் சொன்னார்.

பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். தொடுவதற்கே மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். அவர் கேட்கலாம், கேட்டால், இவ்வளவு நாள் பீட்டில் என்ன பார்த்தாய் என்ற கேள்வி முதலில் அவருக்குத்தான் வரும். அனுமதி வருவதற்குள் எது எப்படி ஆகுமோ. வலையைப் போட்டால் தாய் குதித்துவிடும், குட்டி கூட்டிலேயே காய்ந்துவிடும். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "நான் இன்னும் இந்தப் பக்கம் வரல. புரியுதா? வேட்டு மட்டும் போட்டுராதீய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு தோப்பில் வேட்டுப் போடுவது நின்றது. தகரம் தட்டுவது நின்றது. சத்தத்தில் அணில் பயந்து குதித்துவிட்டால் என்ன செய்வது? இது குரங்குகளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. வடக்கு வேலி வழியாகக் கூட்டமாக வந்து, கோலிக்குண்டு அளவில் இருந்த பிஞ்சுகளைப் பறித்து முகர்ந்து எறிந்தன. அத்தான் துண்டைச் சுழற்றிக்கொண்டு சத்தமில்லாமல் மரத்துக்கு மரம் ஓடினார். மில்லில் இருந்தபோது மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய மனிதர். அவர் வாயைத் திறக்காமல் குரங்கு விரட்டியதைப் பார்த்து அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மூணு வருசமா நானும் இவிய வாயை மூட வைக்கப் பாக்கேன். ஒரு அணிலு செஞ்சிருச்சு."

"ஏட்டி, சிரிக்காத. உள்ள போட்டாம்னா சோறு கொண்டுட்டு விருதுநகருக்கு நீதான் நடக்கணும்."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். அன்று சாயங்காலம் அவள் ராஜபாளையம் போகவில்லை. தோப்பிலேயே தங்கிவிட்டாள்.

ஆராய்ச்சிக்கார அம்மாவை நான்தான் கூட்டிப் போனேன். அத்தானுக்கு அதில் இஷ்டமில்லை. அந்த அம்மாவும் அரசாங்கத்து ஆள் என்று நினைத்தார். அவர் வந்து ஒன்றும் கேட்கவில்லை. மரத்துக்குத் தள்ளி உட்கார்ந்து பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். புளியம்பழம் இருக்கும்வரை பசியில்லை, ஆனால் தண்ணீர்க் கஷ்டம் வரும் என்றார். குட்டி இருப்பதால் தாய் தரையில் இறங்கி ஓடத் துணியாது. பிறகு எழுந்து இரண்டு பக்க இடைவெளியையும் பார்த்தார்.

"ஓடைப் பக்கம் அகலம் அதிகமுங்க. மாமரப் பக்கம்தான் கிட்ட. இந்த ரெண்டு மரத்துக்கும் நடுவுல எதையாவது பாலமா வெச்சா போயிரும்."

"எங்க போகும்?" என்றார் அத்தான்.

"மாமரத்துக்கு. அங்கிருந்து வரிசையாப் போயி, தோப்போட மேல் மூலையில இன்னும் கழிக்காமக் காட்டு மரத்தைத் தொடுதில்லீங்களா, அங்க ஏறிக்கும்."

"தோப்பு முழுக்க நடந்துதான் வீட்டுக்குப் போகணும்னு சொல்லுதீய."

"ஆமாங்க."

"ஒரு மரம் விடாம."

அத்தான் அந்த வழியை அன்றைக்குக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஓடைப்பக்கம் மருதுக்குக் கயிறு கட்டுவதாகச் சொன்னார். வத்திராயிருப்பில் தென்னங்கயிற்றுக்கா பஞ்சம்? மறுநாளே கனமான வடக்கயிறு வாங்கி வந்தார். தேங்காய் பறிக்கும் ஆள் ஒருவர், அணில் எதிர் நுனியில் இருந்த நேரமாகப் பார்த்து ஏறிப் புளியில் கட்டினார். பிறகு மருதில் ஏறி மறுமுனையை இழுத்துக் கட்டினார். எவ்வளவு இழுத்தாலும் அந்த நீளத்துக்குக் கயிறு நடுவில் தொய்ந்தது. காற்றில் ஆடியது.

அணில் வந்து கயிற்றை முகர்ந்தது. ஒரு காலை வைத்தது. கயிறு ஆடியதும் காலை எடுத்துக்கொண்டது. அன்று மாலைவரை அது செய்தது அவ்வளவுதான். மறுநாளும் அவ்வளவுதான். அதற்கடுத்த நாள் கயிற்றின் பக்கமே வரவில்லை. பகலில் கிளையோடு கிளையாக வாலைத் தொங்கப் போட்டுப் படுத்துக் கிடந்தது. தட்டும் சத்தம் குறைந்துபோனது. கத்தினால்கூடப் பரவாயில்லை என்று அத்தான் சொன்னார். அந்த வாரம் தோப்பில் வேறு வேலை நடக்கவில்லை. மருந்தடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். மருந்து காற்றில் புளிக்குப் போய்விடும். புளி உலுக்க வந்த ஆட்களையும் திருப்பி அனுப்பினார். நாய்கள் மோட்டார் ரூமுக்குள் ஊளையிட்டன. அத்தான் கட்டிலை மரத்தடியிலிருந்து நகர்த்தவே இல்லை. விழுந்தால் தன்மேல் விழட்டும் என்றார்.

நான் இதை எழுதக் கூடாது என்று எல்லாரும் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். அத்தானுக்குக் கேஸ் பயம். காவலருக்கு மேலதிகாரி பயம். ஆராய்ச்சிக்காரருக்கு வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வந்துவிடும் என்ற பயம். மதுரையிலிருந்து போன் வரும்போதெல்லாம் 'ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை' என்று சொன்னேன். ஆடித் திருவிழாவுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் என்று சுற்றிவிட்டு நானும் மத்தியானத்தில் பஸ் ஏறிப் போய் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். எங்களில் யாருக்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய உரிமையில்லை. அதை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அணில் அடிமரத்தில் வெகு கீழே வரை இறங்கியது. அக்கா தண்ணீர் வைத்திருந்த மண்சட்டி தரையில் இருந்தது. ஒரு ஆள் உயரத்துக்கும் குறைவான தூரம். மோட்டார் ரூமில் ஒரு நாய் குரைத்தது. அணில் பிடி நழுவித் தலைகீழாகச் சறுக்கி, பட்டையைப் பிடித்துக்கொண்டு, மேலே ஓடியது. பட்டைத்தூள் அத்தானின் முகத்தில் விழுந்தது.

அவர் துடைத்துக்கொண்டு எழுந்தார். "முட்டுக்கம்பு எங்க கெடக்கு?" என்று கேட்டார்.

காய் கனத்துக் கிளை தாழும்போது தாங்கிக் கொடுக்கச் சவுக்குக் கம்புகள் வைத்திருப்பார்கள். அந்த வருடக் காய்க்காக வாங்கிப் போட்ட கம்புகள் புதுசாகக் கிடந்தன. நீளமானதாக நான்கைந்தைப் பொறுக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினார். கயிறு கட்டிய அதே ஆள் ஏறினார். ஒரு முனையைப் புளியின் வெட்டுவாயில், மறுமுனையை முதல் வரிசை மாமரத்தின் கவையில் வைத்து இறுகக் கட்டினார்கள்.

"செத்த யோசிங்க" என்றாள் அக்கா. "தோப்பெல்லாம் பிஞ்சா இருக்கு."

"யோசிச்சுத்தான் ஒரு வாரம் படுத்துக் கெடந்தேன்."

"திங்கும்."

"திங்கட்டும். செத்துத் தொலையாம திங்கட்டும்."

நாங்கள் எல்லாரும் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் நின்றோம். வெயில் ஏறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அணில் கம்பின் மேல் வந்தது. ஆடாத கம்பு. பாதிவரை போய்த் திரும்பியது. மறுபடி வந்து முழுக்கத் தாண்டி மாமரத்தில் நின்றது. அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அது நிற்காமல் திரும்பப் புளிக்கே ஓடியது. "ஏலே, மூதேவி, போயிட்டுத்தான இருந்த" என்று அவர் பல்லைக் கடித்தார். கூட்டுக்குள் போன அணில் வெளியே வந்தபோது வாயில் குட்டியைக் கவ்வியிருந்தது. குட்டி அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. கம்பின் மேல் மெதுவாக, வாலை இரண்டு பக்கமும் ஆட்டிச் சமாளித்துக்கொண்டு நடந்து, மா இலைக்குள் மறைந்தது.

அத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "நாயை அவுக்கலாம்ல?" என்று கேட்டார். "எதுக்கும் நாளைக்கு அவுப்போம்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

நாளைக்கும் அவிழ்க்கவில்லை. அணில் மேல் மூலைக்குப் போகவில்லை. மூன்றாம் வரிசையில், தோப்பிலேயே அடர்த்தியான மரத்தில், இலையும் குச்சியும் சேர்த்துப் புதுக்கூடு கட்டியது. சுற்றிலும் பிஞ்சு. காட்டில் இருப்பது போன்ற பருந்து பயமும் இங்கே இல்லை. குட்டியை வைத்துக்கொண்டு அது வேறு எங்கே போகும்?

ஆராய்ச்சிக்காரர் வந்து கூட்டைப் பார்த்துத் தன் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். அத்தான் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் புள்ளி வச்சா என்ன அர்த்தம்?"

"குடியிருக்குற எடம்னு அர்த்தமுங்க."

"அது குடிவரலையே. நான்லா கொண்டாந்து குடிவச்சேன்."

அவர் பென்சிலை எடுத்துப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். இப்படி வந்ததைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று அவருக்கும் தெரியவில்லை என்றார். சேர்த்தால், அணிலின் இடம் ஒரு தோப்பளவு பரவியிருக்கிறது. சேர்க்காவிட்டால், கண்முன்னால் இருக்கும் இரண்டு அணில் இல்லை. பட்டியலில் ஏற்றுவதும் இறக்குவதும் இப்படிப்பட்ட புள்ளிகளை வைத்துத்தான் என்று அன்று எனக்கு உறைத்தது.

அந்த வருடம் மூன்றாம் வரிசைக்கு யாரும் காய் பறிக்கப் போகவில்லை. காவலர் இப்போது அடிக்கடி வந்து, கூட்டை அண்ணாந்து பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். அவருடைய ரோந்து வழியில் தோப்பும் சேர்ந்துவிட்டது. மற்ற வரிசைகளில் கிடைத்ததைப் பறித்து அத்தான் வண்டியேற்றினார். நஷ்டம் என்று சொல்லவில்லை. லாபம் என்றும் சொல்லவில்லை. அக்காவின் கழுத்து அப்படியே இருந்தது.

அடுத்த தையில் தோப்புக்காரர் அத்தானைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன். கூடு இருக்கிற தோப்பை வெளியாள் யாரும் எடுக்கத் தயாராக இல்லை. வேட்டுப் போட முடியாது, கிளை கழிக்க முடியாது, காவலர் எந்நேரமும் உள்ளே நிற்பார். விஷயம் மலையடிவாரம் முழுக்கப் பரவியிருந்தது.

"நீரு எடுக்கீராய்யா? இல்லைன்னா சொல்லிரும். மாவை வெட்டித் தள்ளிட்டுத் தென்னை வச்சுருதேன். மா வெட்ட எவன்ட்டயும் கேக்க வேண்டாம்" என்றார் தோப்புக்காரர்.

காவலரிடம் விசாரித்தேன். கூட்டில் குட்டி இல்லாத நாளாகப் பார்த்து வெட்டினால் தான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றார். அணிலுக்குச் சட்டம் இருந்தது. அது உட்கார்ந்திருந்த மரத்துக்கு இல்லை.

அத்தான் இரண்டு நாள் தவணை கேட்டார். அந்த இரண்டு நாளும் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தார் என்று அக்கா சொன்னாள். வேறு நல்ல தோப்புகள் சேத்தூர்ப் பக்கம் இருந்தன. அவற்றைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். மூன்றாம் நாள் வத்திராயிருப்புக்குப் போய், அதே தோப்பையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

"உங்களுக்குப் பைத்தியமா?" என்று அக்கா என் முன்னாலேயே கேட்டாள்.

"வெட்டுத அன்னிக்கு அது எங்கட்டி போகும்? மறுபடியும் எங்கயாவது ஒத்தை மரத்துல ஏறி நிக்கும். பொறவு என்னயத்தான் கூப்பிடுவானுவ" என்றார்.

அணில் மேல் பிரியம் வந்துவிட்டதா என்று நான் கேட்டேன்.

"பிரியமா? அந்தச் சனியன நெனச்சா எரியுது மாப்ள" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, பிளவக்கல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.